பழைய அமெரிக்கச் செப்புக் காசு: ஏலத்தில் கை தூக்கும் முன் வரும் கேள்விகள்

அமெரிக்கா தன் நாணயச் சாலையைத் தொடங்கிய நாளில் இருந்து 1857 வரை அடித்த கனத்த செப்புக் காசுகளைப் பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சேர்த்துவருகிறேன். பெரிய சேகரிப்பு என்று சொல்ல முடியாது, ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு வரும் நண்பர்களும் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் காசுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டே வகை. ஒன்று 'பெரிய சென்ட்', அதாவது டாலரில் நூறில் ஒன்று. மற்றது 'அரை சென்ட்'. இரண்டும் 1793இல் பிலடெல்பியாவில் தொடங்கி 1857இல் நின்றுபோயின. இன்றைய அமெரிக்க பென்னியை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கையில் வாங்கினால் திடுக்கிடுவீர்கள். பெரிய சென்ட் இன்றைய கால் டாலரைவிட அகலம், தனிச் செம்பு, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும்.

1793இன் முதல் காசுகளுக்கு 208 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை கிராம் எடை. செம்பு விலை ஏறியதால் 1795 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் எடையை 168 கிரெய்னாகக் குறைத்தார். ஆகவே 1795 காசில் தடித்ததும் உண்டு, மெலிந்ததும் உண்டு. தடித்த காசைப் பக்கவாட்டில் திருப்பினால் 'ஒரு டாலருக்கு நூறு' என்ற பொருளில் ஆங்கில எழுத்து ஓடும். மெலிந்ததில் அந்த எழுத்துக்கு இடமில்லாததால் மொழுக்கென்று விட்டுவிட்டார்கள்.

கூட்டாட்சி நாணயச் சாலைக்கு முன்பே கனெக்டிகட், நியூ ஜெர்சி, வெர்மான்ட், மாசசூசெட்ஸ் ஆகியவை தங்கள் பெயரில் செப்புக் காசு வெளியிட்டன. 1787இன் ஃபுகியோ சென்ட்டும் உண்டு. அது தனிக் கடல். இங்கே இறங்கவில்லை.

காசில் இருக்கும் பெண் யார்?

குறிப்பிட்ட யாரும் இல்லை. 'சுதந்திரம்' என்ற கருத்துக்குக் கொடுத்த முகம். அந்த முகம் ஆறு வடிவம் எடுத்தது: விரித்த கூந்தல், கழியில் மாட்டிய தொப்பி, தோளில் போர்த்திய துணி, 1808இல் தலைப்பட்டை, 1816இல் கிரீடம், 1839இல் பின்னல். சேர்ப்பவர்கள் இந்த வரிசையை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

முதல் முகத்துக்கு வந்த வரவேற்பு சுவாரசியமானது. 1793 மார்ச்சில் வெளிவந்த முதல் சென்டுகளின் பின்பக்கம் பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமையைக் காட்டப் பதினைந்து கண்ணி கொண்ட சங்கிலி இருந்தது. சுதந்திர நாட்டின் காசில் விலங்கா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தப் பெண்ணும் ஏதோ கண்டு மிரண்டவள்போல இருக்கிறாள் என்றார்கள். 36,103 காசு அடித்ததோடு சங்கிலி போனது, இலைமாலை வந்தது. அன்று கேலிக்கு உள்ளான அதே சங்கிலிக் காசு ஒன்று 2015 ஜனவரியில் 23.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எந்த ஆண்டுக் காசுகள் கிடைப்பது கடினம்?

1793, 1799, 1804 ஆகிய மூன்றும்தான் பட்டியலின் தலை. 1793இல் எல்லா வகையும் விலை. 1799 நல்ல நிலையில் கிடைப்பது மிகக் கடினம். கிடைக்கும் 1799 பெரும்பாலும் கறுத்துச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். 1804க்குக் கொஞ்சம் கண்ணியமான காசுகள் உண்டு, பணம் வேண்டும்.

1815 ஆண்டு பொறித்த சென்ட் கிடையவே கிடையாது. யாராவது காட்டினால் அது திருத்திய காசு. காரணம் போர். பிலடெல்பியாவுக்கு அச்சடிக்கத் தயாரான செப்புத் தகடுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்து, மேத்யூ போல்டனின் தொழிற்சாலையில் இருந்து வந்துகொண்டிருந்தன. 1812இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் வரத்து நின்றது. கையிருப்பைக் கடைசித் தகடு வரை அடித்துத் தீர்த்தார்கள். 1815க்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தப் போல்டனை நமக்கும் தெரியும். சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆண்டுகளில் பத்துக் காசு, இருபதுக் காசு அடித்து அனுப்பியதும் இதே பர்மிங்காம் சோஹோ சாலைதான். 1808 காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. எனக்குச் செப்புக் காசு ஆசை வந்ததே அப்படி ஒரு இருபதுக் காசால்தான்.

ஒரே ஆண்டின் காசுக்கு ஏன் இத்தனை எண்கள்? எஸ்-48, எஸ்-79 என்றால் என்ன?

அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். எழுத்து, எண், இலை, கனி எல்லாவற்றையும் தனித்தனி உளியால் ஒவ்வொன்றாக இறக்குவார்கள். ஆகவே ஒரு அச்சு இன்னொன்றைப் போல இருக்காது. அச்சு சீக்கிரம் வெடிக்கும், உடனே புது அச்சு. தலைப்பக்க அச்சு ஒன்றும் இலைமாலை உள்ள பின்பக்க அச்சு (மாலைப்பக்கம்) ஒன்றும் சேரும் ஒவ்வொரு ஜோடியும் ஒரு வெரைட்டி.

1794 ஓர் ஆண்டுக்கே ஐம்பதுக்கு மேற்பட்ட ஜோடிகள் உண்டு. 1869இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் மேரிஸ் அவற்றுக்கு எண் மட்டும் கொடுக்காமல் செல்லப் பெயரும் வைத்தார்: இரட்டைத் தாடை, சாய்ந்த நாலு, விழுந்த நாலு, தழும்புத் தலை, படகோனியன். ஊரில் ஒரே பெயருடைய ஐந்து முருகேசன்களை நெட்டை, குட்டை, மீசை என்று பிரித்துச் சொல்வோமே, அதே வேலை. இன்றும் ஏலப் பட்டியல்களில் இந்தப் பெயர்கள் புழங்குகின்றன.

1949இல் வில்லியம் ஷெல்டன் 1793 முதல் 1814 வரையிலான சென்டுகளை 295 எண்களில் அடக்கினார். எஸ் என்பது அவர் பெயரின் முதலெழுத்து. மூன்றுக்கும் குறைவாகவே கிடைத்திருந்தவற்றுக்கு எண் தராமல் 'சேகரிக்க முடியாதவை' என்று என்சி வரிசையில் ஒதுக்கினார். 1816 முதல் வந்தவற்றுக்கு ஹோவர்ட் நியூகோம்பின் என் எண்கள், அரை சென்டுக்கு ரோஜர் கோஹனின் சி எண்கள்.

பழக நல்ல காசு ஒன்று சொல்கிறேன். 1801இன் எஸ்-219. அச்சு வெட்டியவர் அன்று எந்த நினைவில் இருந்தாரோ, மாலைப்பக்கம் ஒன்றில் மூன்று பிழை செய்துவைத்தார். நூறில் ஒன்று என்று வர வேண்டிய பின்னத்தில் ஒன்றின் கீழ் மூன்று சுழியம். 'யுனைடெட்' என்ற சொல்லின் முதலெழுத்து இரண்டு கம்பு நட்டதுபோல் இருக்கும். மாலையின் அடியில் இரண்டு காம்புக்குப் பதில் ஒன்று. லென்ஸ்கூடத் தேவையில்லை. தேய்ந்த காசிலும் கண்டுபிடித்துவிடலாம்.

1794இன் எஸ்-48 வேறு ரகம். அதன் மாலைப்பக்க ஓரத்தில் 94 பொடி நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கும். ஏன் என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. விளிம்பு நன்றாக இருந்தால்தான் நட்சத்திரம் தெரியும் என்பதால் பலர் கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் விற்றிருக்கிறார்கள்.

1 முதல் 70 வரை கிரேடு (தர எண்) போடுகிறார்களே, அது ஏன் 70?

எல்லோரும் கேட்பது. 100 என்று வைத்திருக்கக் கூடாதா?

இதுவும் ஷெல்டன் வேலைதான். அவருடைய தொழில் உளவியல். மனித உடல்வாகை எண்களால் வகைப்படுத்த முயன்ற மனிதர், காசையும் விடவில்லை. 1794 சென்ட் ஒன்று அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அன்று ஒரு டாலர் பெறும் என்றும், குறையே இல்லாத காசு 70 டாலர் பெறும் என்றும் வைத்துக்கொண்டார். நடுவில் 20 டாலர் பெறுவதற்கு 20. வெரைட்டியின் அடிப்படை விலையைக் கிரேடால் பெருக்கினால் விலை வந்துவிட வேண்டும். அளவுகோல் பிறந்தது விலைப்பட்டியலாகத்தான்.

சந்தை சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கை உடைத்துவிட்டது. நல்ல காசு 70 மடங்கோடு நிற்கவில்லை, பல நூறு மடங்கானது. ஆனால் எண் மட்டும் தங்கிவிட்டது. 1970களில் அமெரிக்காவின் எல்லா நாணயங்களுக்கும், தங்கத்துக்கும் வெள்ளிக்கும்கூட, அதுவே பொது அளவானது. செப்புக் காசு ஒன்றின் பழைய விலைதான் இன்று எல்லாக் காசின் தரத்தையும் அளக்கிறது.

அளவுகோல் தந்த அதே ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் பெட்டிகளில் இருந்த நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வெரைட்டியில் தன்னிடமிருந்த சுமாரானவற்றை அங்கே வைத்ததும் பின்னால் தெரியவந்தது. இப்படி 129 காசுகள் மாற்றப்பட்டதாகச் சங்கம் சொன்னது. கலிபோர்னியாவில் வழக்கு நடந்தது. செப்புக் காசுக்குத் தனித்தனி முகம் இருப்பதால் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் ஆள் அகப்பட்டுவிடும். இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஏலப் பட்டியலில் ஒரே காசுக்கு இரண்டு கிரேடு போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இரண்டு சம்பிரதாயம்.

முதலாவது, பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய தரம்பார்க்கும் நிறுவனங்கள் காசைப் பிளாஸ்டிக்கில் அடைத்து மேலே ஒட்டும் எண். இவை 1980களின் நடுவில் தொடங்கியவை. இந்தப் பெட்டியைத்தான் 'ஸ்லாப்' என்கிறோம்.

இரண்டாவது, 'ஏர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' என்ற சங்கத்தைச் சேர்ந்தவர்களின் வழக்கம். 1967இல் தொடங்கிய சங்கம், சுருக்கமாக ஈஏசி. இவர்கள் காசை இரண்டு கட்டமாகப் பார்ப்பார்கள். முதலில் தேய்மானம் மட்டும்: கூந்தல் இழை எவ்வளவு மிச்சம், இலையின் நரம்பு தெரிகிறதா. இதற்கு ஒரு எண். பிறகு குறைகளைக் கழிப்பார்கள்: விளிம்பில் இடி, கீறல், களிம்பு, மண்ணில் கிடந்த சொரசொரப்பு. கழித்து வருவதுதான் 'நெட் கிரேடு'.

ஒரு கணக்கு பாருங்கள். கூந்தல் இழைகளைப் பார்த்தால் விஎஃப்-30, அதாவது 'வெரி ஃபைன்' 30. ஆனால் பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகக் குழி, ஏழு மணித் திசையில் விளிம்பு நசுங்கியிருக்கிறது. ஈஏசிக்காரர் இதை 12 என்று முடித்துவிடுவார். ஸ்லாப் நிறுவனம் இரண்டில் ஒன்று செய்யும். குறை பெரிது என்றால் எண்ணே தராமல் 'விஎஃப் விவரங்கள், சூழல் பாதிப்பு' என்று ஒட்டும். கண்டுகொள்ளாவிட்டால் 25 தரும்.

பொதுவாக ஸ்லாப் எண் ஈஏசி எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். பத்துப் புள்ளி வித்தியாசம் சாதாரணம். பட்டியல் எழுதுபவர் யாருடைய எண்ணைச் சொல்கிறார், நீங்கள் பார்க்கும் விலைப்புத்தகம் யாருடைய எண்ணுக்கு விலை போட்டிருக்கிறது என்று தெரியாமல் ஏலம் கேட்டால் கைநஷ்டம் நிச்சயம். ஸ்லாப்பின் 25ஐ எடுத்துக்கொண்டு ஈஏசி விலையில் 25க்கு நேராகப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. நானும் செய்திருக்கிறேன்.

ஈஏசிக்காரர்கள் எண்ணோடு ஒரு சொல்லும் சேர்ப்பார்கள்: சாய்ஸ், ஆவரேஜ், ஸ்கட்ஸி. ஸ்கட்ஸி என்றால் அழுக்குப்பிடித்தது, பார்க்கச் சகிக்காதது. என் அனுபவத்தில் எண்ணைவிட இந்தச் சொல்தான் உண்மையைச் சொல்கிறது.

நானே கிரேடு போட எப்படிப் பழகுவது?

ஏழு மடங்கு அல்லது பத்து மடங்கு லென்ஸ், மேசை விளக்கு, கீழே ஒரு மெத்தென்ற துணி. குழல்விளக்கு வேண்டாம், ஒளி பரவிவிடும். ஒற்றை பல்பு போதும்.

முதலில் லென்ஸை எடுக்காதீர்கள். காசின் ஓரத்தைப் பிடித்துக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாயுங்கள். நல்ல செம்பின் மேல் ஒளி வழுக்கிக்கொண்டு போகும். கெட்டுப்போன செம்பில் அங்கங்கே தடுக்கும், தார்ச்சாலையில் வெயில் விழுந்ததுபோலச் செத்துக் கிடக்கும். இந்த ஒரு சோதனை பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அதன் பிறகு லென்ஸ். போர்த்திய துணி வகைச் சென்டில் நான் பார்க்கும் வரிசை இது. நெற்றிக்கு மேல் உள்ள கூந்தல்தான் முதலில் தேயும். ஆண்டும் தலைக்கு மேல் உள்ள எழுத்தும் படிக்க முடிந்து, கூந்தல் வெறும் மேடாக மட்டும் இருந்தால் குட்-4. கூந்தலின் ஆழமான இடங்களில் சில கோடுகள் வந்தால் விஜி ('வெரி குட்'). பாதிக் கூந்தல் தெரிந்தால் ஃபைன்-12. பெரும்பாலான இழைகள் பிரிந்து நின்றால் விஎஃப். உயரமான இடங்களில் மட்டும் தேய்வு என்றால் இஎஃப் ('எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்').

இதில் ஒரு பொறி உண்டு. தேய்மானமும் மோசமான அச்சும் ஒன்றுபோலத் தோன்றும். அச்சு களைத்துப்போன பிறகு அடித்த காசில் பிறக்கும்போதே கூந்தல் இருக்காது. எப்படிப் பிரிப்பது? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். மாலையில் இலை நரம்பு துலக்கமாக இருந்து, தலை மட்டும் மொழுக்கென்று இருந்தால் அது பெரும்பாலும் தேய்வு இல்லை. அந்த வெரைட்டியின் வேறு காசுகளும் அதே இடத்தில் அப்படியே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆகவே வெரைட்டி தெரியாமல் கிரேடு போடுவது அரைகுறை வேலை.

கிரேடு எழுதிவிட்டு அதன் பிறகு ஸ்லாப் எண்ணையோ பட்டியலையோ பாருங்கள். நான் ஸ்லாப்பின் மேல் பாதியில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி மறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். எண் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் கண் அதற்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடும்.

நிறத்துக்கு எவ்வளவு மதிப்பு?

நாணயச் சாலையிலிருந்து வெளிவரும்போது செம்பு ஆரஞ்சுச் சிவப்பு. நாளாக நாளாகப் பழுப்பு. ஸ்லாப்காரர்கள் பிரௌன், ரெட்-பிரௌன், ரெட் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். 'ரெட்' என்று போட்டால் விலை எங்கோ போகும்.

1816க்கு முந்தையவற்றில் சிவப்பு மிச்சம் உள்ள காசை நம்மைப் போன்றவர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 1816 முதல் 1820 வரை உள்ளவற்றில், குறிப்பாக 1818, 1820இல், சிவப்பும் கரும்புள்ளியுமாகக் காசுகள் ஓரளவு சாதாரணமாகக் கிடைக்கும். அவை 'ராண்டல் புதையல்'. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் பழைய ரயில் நிலைய மேடைக்கு அடியில் ஒரு பீப்பாயில் கிடைத்ததாகச் சொல்லப்படுவது. கடைசியில் நியூயார்க் மாநிலத்து ஜான் ராண்டல் என்பவர் கைக்கு வந்ததால் அந்தப் பெயர்.

என் ரசனை கேட்டால் பால் கலக்காத காபி நிறத்தில், மழமழவென்று இருக்கும் பழுப்புக் காசுதான் அழகு. சிவப்புக் காசு அச்சத்தோடு வைத்திருக்க வேண்டிய பொருள். மழைக்காலம் ஒன்று போதும்.

அழுக்காக இருக்கிறது. சுத்தம் செய்யலாமா?

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! சிரிக்க வேண்டாம். நம் வீடுகளில் செம்பு என்றாலே கை புளிக்குத்தான் போகும். ஒரு நண்பர் 1803 சென்ட் ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினார், குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. இருநூறு ரூபாய்ச் சாமான் ஆகிவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புளி, எலுமிச்சை, பேக்கிங் சோடா, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. மேல் தோலை உரித்துவிட்டால் திரும்ப வராது.

அனுமதிக்கப்பட்டவை சில உண்டு. தூய அசிட்டோன் அல்லது சைலீனில் ஊறவைத்தால் எண்ணெய்ப்பிசுக்கும் பிளாஸ்டிக் உறையின் பசையும் கரையும், செம்பைத் தொடாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், நெருப்பு பக்கத்தில் வேண்டாம். அதன் பிறகு ஒட்டகமுடித் தூரிகையால் மிக மெதுவாகத் துடைப்பது. செப்புக்காரர்களின் தினப்படி வழக்கம் இது.

பச்சைக் களிம்பு தனி விஷயம். செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். காசுக்காரனுக்கு அது உவமை அல்ல. களிம்பு ஒரு புள்ளியாகத் தொடங்கி அடியில் குழி பறிக்கும். பழைய கைகள் ரோஜா முள்ளால் அதைத் தள்ளி எடுப்பார்கள். முள் களிம்பைவிடக் கெட்டி, செம்பைவிட மெது. எடுத்த இடத்தில் பள்ளம் இருந்தால் பள்ளம் தெரியத்தான் செய்யும். முதலில் மதிப்பில்லாத காசு பத்தில் பழகிவிட்டு இதைத் தொடுங்கள்.

நீங்கள் ஏமாந்தது உண்டா?

உண்டு. ஒரு சிறிய ஏல நிறுவனத்தின் இணைய விற்பனையில் 1798 சென்ட் ஒன்று. படத்தில் சாக்லேட் நிறம், ஒரு கீறல் இல்லை. நேரில் பார்க்க வாய்ப்பில்லை, படத்தை நம்பிக் கேட்டேன். வந்ததும் மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். நான்காம் நாள் எழுத்துகளின் இடுக்கில் லேசான ஆரஞ்சு தெரிந்தது. எப்போதோ தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை மருந்து போட்டுத் திரும்பக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஒரு சாய்ப்புச் சாய்த்தார். "சுவருக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உண்மையான பழுப்பு ஒரே சீராக இருக்காது. மேட்டில் ஒரு சாயல், பள்ளத்தில் ஒரு சாயல் என்று இருக்கும். முழுக்க ஒரே நிறம் என்றால் நிதானியுங்கள். விதிமுறைகளில் திருப்பி வாங்குவதில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. தவறு என்னுடையது, படித்திருக்க வேண்டும்.

போலி எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வகை. முதலாவது, ஆண்டைத் திருத்தியது. 1798இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1799 ஆக்குவது பழைய வித்தை. 1804க்கு அழகான சோதனை ஒன்று உண்டு. அசல் 1804இல் ஆண்டின் சுழியமும், மறுபக்கத்தில் 'ஆஃப்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'ஓ'வும் நேருக்கு நேர் இருக்கும். அந்த ஆண்டுக்கு ஒரே ஜோடி அச்சுதான், எஸ்-266. இன்னொரு ஜோடிக்கு வழியே இல்லை. '1804 மறு அச்சு' என்று பட்டியலில் வந்தால் அது நாணயச் சாலையின் சரக்கு இல்லை. கழித்துப் போட்ட அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் தனியார் அடித்தது. அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், விலை வேறு.

இரண்டாவது, எலக்ட்ரோடைப். அசல் காசில் இருந்து மின்முலாம் வழியாக இரண்டு மெல்லிய ஓடுகள் எடுத்து, நடுவில் ஈயம் ஊற்றி ஒட்டுவார்கள். முகம் அச்சு அசலாக இருக்கும். பக்கவாட்டில் நகத்தால் தடவினால் ஒட்டுத் தெரியும், எடையும் ஒத்துவராது.

மூன்றாவது, புது அச்சில் அடித்த இன்றைய போலி. இதுதான் ஆபத்தானது. ஓர் அசல் காசின் கீறலையும் சேர்த்து அச்சில் பிரதி எடுத்திருப்பார்கள். இரண்டு வெவ்வேறு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் கீழே வையுங்கள்.

தேய்ந்துபோன காசு எப்படிப் பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது?

நீங்கள் கேட்பது 1795இன் எஸ்-79 என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் வரிப்பள்ளம் போட்ட சென்ட், கையிலுள்ள விரல்களில் எண்ணிவிடலாம். டான் ஹோம்ஸ் சேகரிப்பில் இருந்தது. 2009 செப்டம்பரில் 12,65,000 டாலருக்குப் போனது. ஒரு பெரிய சென்ட் பத்து லட்சத்தைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அதன் கிரேடு விஜி-10. முகத்தில் பாதி இல்லை.

காரணம் எண்ணிக்கை. ஷெல்டன் இதற்கும் ஒரு அளவு வைத்தார். ஆர்-1 என்றால் ஆயிரத்துக்கு மேல், ஆர்-5 என்றால் 31 முதல் 75, ஆர்-7 என்றால் 4 முதல் 12, ஆர்-8 என்றால் மூன்றுக்கு மேல் இல்லை. ஆனால் எச்சரிக்கை: அரிது என்பதற்காக மட்டும் விலை வராது. 1830களின் வெரைட்டிகளில் ஆர்-5 இருக்கும், தேடுபவர்கள் முப்பது பேர்கூட இல்லாமல் மலிவாகப் போகும்.

ஏலத்தில் எவ்வளவு வரை கேட்பது?

சுத்தியல் விலை வேறு, நீங்கள் கட்டும் பணம் வேறு. பல அமெரிக்க நாணய ஏலங்களில் வாங்குபவரிடம் சுத்தியல் விலைக்கு மேல் ஒரு பங்கு வாங்குகிறார்கள். அது 20 சதவீதம் என்று வையுங்கள். 750 டாலருக்குச் சுத்தியல் விழுந்தால் பில் 900. அனுப்பும் செலவும் வரியும் அதற்கு மேல். ஆகவே கையில் 900 என்றால் 750இல் நின்றுவிட வேண்டும். இந்தக் கணக்கை முந்தின நாளே காகிதத்தில் எழுதிவிடுங்கள். ஏல நேரத்தில் மனசு கணக்குப் போடாது.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஏலத்துக்கு முந்தைய நாட்களில் லாட்களைப் பார்க்க விடுவார்கள். எதுவும் வாங்காவிட்டாலும் ஒரு நாளில் இருநூறு காசு கையில் எடுக்கலாம், இலவசப் படிப்பு. ஈஏசி ஆண்டுக் கூட்டத்தில் 'ஹாப்பனிங்' என்று ஒன்று நடக்கும். குறிப்பிட்ட சில வெரைட்டிகளில் ஆளாளுக்குத் தங்கள் காசைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், மற்றவர்கள் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் கிரேடு என்றால் என்ன என்று புரிந்துவிடும். வாயைத் திறக்காமல் மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

முதல் காசாக எதை வாங்கலாம்?

1840களின் அல்லது 1850களின் பின்னல் முடி சென்ட். நல்ல கிரேடு, மழமழப்பான பரப்பு, அதிக விலை இல்லை. நல்ல செம்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. 1794இன் மட்டமான ஒன்றை ஆசையில் வாங்கித் தொடங்கினால் கண் அதற்கே பழகிவிடும்.

காசோடு வரும் பழைய காகித உறைகளைத் தூக்கிப் போடலாமா?

கூடவே கூடாது. செப்புக்காரர்கள் காசைச் சிறிய காகித உறையில், உள்ளே பருத்தித் துணிப் பையில் வைப்பார்கள். பிவிசி கலந்த மெது பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது பச்சையாகக் கசியும். உறையின் மேல் ஆண்டு, வெரைட்டி, கிரேடு, வாங்கிய இடம், தேதி எழுதுவார்கள். காசு கைமாறும்போது உறையும் கூடப் போகும். யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு தெரிந்தால் அசலா என்ற கேள்வியும் பாதி தீரும், விலையும் ஏறும்.

என்னிடம் உள்ள 1803 சென்ட் ஒன்றின் உறை பழுத்துப் போயிருக்கிறது. மூன்று கையெழுத்து. மேலே மையில் 'விஎஃப்' என்று எழுதி அடித்திருக்கிறது. அதன் கீழே பென்சிலில் '15', அதுவும் அடித்திருக்கிறது. மூன்றாவது பால்பாயின்ட் பேனாவில் '12, ஆனால் அழகு'. நான் வாங்கி நாலு வருடமாகிறது, இன்னும் எதுவும் எழுதவில்லை.